பெயர் மாறிப் பிழைத்த குட்டி லென்ஸ்! - பொருளுக்குள் ஒரு கதை 17

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். முன்னால் இருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தோன்றாது. ஓர் அலுமினிய வளையம், அதன் நடுவே கொஞ்சம் ஆழத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி. 'இதுக்கா இவ்வளவு பில்டப்?' என்று கேட்கத் தோன்றும். அப்படியே திருப்பிப் பாருங்கள். பெரிய கோலிக்குண்டு ஒன்றைப் பாதி புதைத்து வைத்ததுபோல, பின்பக்கக் கண்ணாடி வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். முன்கண்ணாடியைவிட இதுதான் பெரியது.

பழைய கேமராக்களைச் சேகரிப்பவர்கள் இந்த லென்ஸை யார் கையிலாவது கொடுக்கும்போது கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுப்பார்கள். பின்மூடி இல்லாமல் மேஜையில் வைத்துவிடக் கூடாது. வைத்தால், தரையில் முதலில் உரசுவது உலோகம் இல்லை, கண்ணாடி!

லென்ஸின் பெயர் ஜூபிடர்-12. 35 மி.மீ வைட் ஆங்கிள். எஃப் 2.8. சோவியத் யூனியனில் 1950-களில் தொடங்கி, அந்த நாடு கலைந்துபோகும் காலம் வரை செய்துகொண்டே இருந்தார்கள். ஆனால், அதன் முதல் பெயர் அதுவல்ல. பிறந்த ஊரும் ரஷ்யாவில் இல்லை. அந்தப் பிதுங்கிய கண்ணாடியைக் கணக்குப் போட்டு வரைந்தவர் ஒரு ஜெர்மானியர். லென்ஸ் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. அவர் வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நடுவில் ஓர் உலகப்போர்.

22 வயதுக் கணக்குப்பிள்ளை

லுட்விக் பெர்ட்டெலெ. 1900-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மியூனிக்கில் பிறந்தவர். பெரிய பல்கலைக்கழகப் பட்டமெல்லாம் கிடையாது. 16 வயதுக்குள் அதே ஊரில் இருந்த ரோடன்ஸ்டாக் என்ற கண்ணாடி நிறுவனத்தில் கணக்குப் போடும் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார்.

லென்ஸ் கம்பெனியில் கணக்குப்பிள்ளைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. ஒரு லென்ஸை வடிவமைக்க வேண்டுமென்றால், ஓர் ஒளிக்கதிர் முதல் கண்ணாடியின் முதல் பரப்பில் எந்தக் கோணத்தில் நுழைகிறது, எவ்வளவு வளைகிறது, அடுத்த பரப்பில் எங்கே போய் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டும். லாகரிதம் அட்டவணையைப் புரட்டி, பென்சிலால் எழுதி, ஒரு கதிர் முடிந்ததும் அடுத்த கதிர். ஓரிடத்தில் வளைவைக் கொஞ்சம் மாற்றினால், எல்லாவற்றையும் மறுபடி முதலில் இருந்து போட வேண்டும். மாதக்கணக்கில் ஓடும் வேலை. பள்ளிக்கூடத்தில் லாக் டேபிளைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அங்கிருந்து டிரெஸ்டன் நகரின் எர்னெமான் நிறுவனத்துக்குப் போனார் பெர்ட்டெலெ. 1923 வாக்கில், 22 வயதில், அவர் கணக்கிட்ட எர்னோஸ்டார் லென்ஸ் அந்தக் காலத்துக்கு அசாத்தியமான வெளிச்சத்தை உள்ளே விட்டது. அந்த லென்ஸுடன் வந்த எர்மனாக்ஸ் கேமராவை வைத்துத்தான் எரிக் சாலமன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், ஃபிளாஷ் வெடிக்காமல் நீதிமன்றத்துக்குள்ளும் மாநாட்டு அறைகளுக்குள்ளும் ரகசியமாகப் படமெடுத்தார். தலைவர்கள் கொட்டாவி விடுவதையும் தூங்கி வழிவதையும் மக்கள் அதற்குப் பிறகுதான் பத்திரிகையில் பார்த்தார்கள். யூதரான சாலமனை நாஜிக்கள் 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

1926-ல் எர்னெமான் உட்பட சில நிறுவனங்கள் ஒன்றாக இணைந்து 'ஸைஸ் ஐகான்' ஆனது. கேமரா டிரெஸ்டனில், லென்ஸ் யேனா நகரின் கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் என்று ஏற்பாடு. 1932-ல் லைக்காவுக்குப் போட்டியாக இவர்கள் இறக்கிய கேமராதான் கான்டாக்ஸ். அதற்கான ஸொன்னார் லென்ஸுகளை எஃப் 2 அளவிலும் எஃப் 1.5 அளவிலும் வரைந்தவர் பெர்ட்டெலெ. லைக்காவா, கான்டாக்ஸா என்று ஐரோப்பியப் புகைப்படக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்ற காலம் அது. ஆர்மபாக்ஸில் நடந்த சண்டை இல்லை என்றாலும், ரஜினி - கமல் ரசிகர்களுக்குக் குறையாத சூடு இருந்தது.

அறைக்குள் எட்டு மடங்கு வெளிச்சம்

இந்தக் கேமராக்கள் எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் வகை. கேமராவின் நெற்றியில் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கும. அவை வழியாக வரும் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகப் பொருந்தும் வரை ஃபோகஸைத் திருப்ப வேண்டும். நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடுகின்றன இல்லையா, அதே தந்திரம்தான். முக்கியமான விஷயம், இதில் லென்ஸ் வழியாக யாரும் பார்ப்பதில்லை. அதனால், பின்னாளில் வந்த எஸ்.எல்.ஆர் கேமராக்களைப்போல லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மேலும் கீழும் ஆடுகிற மிரர் கிடையாது. அந்த இடம் காலி.

வைட் ஆங்கிள் லென்ஸுக்கு அந்தக் காலி இடம் ஒரு வரம். 50 மி.மீ லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 46 டிகிரி பார்க்கிறது என்றால், 35 மி.மீ லென்ஸ் சுமார் 63 டிகிரி பார்க்கும். சின்ன அறைக்குள் நிற்கும் ஐந்து பேரில் நால்வரோடு நின்றுபோகாமல், ஐந்து பேரையும் கூடவே சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஆனால், குவிய தூரம் குறைவு என்பதால் லென்ஸ் ஃபிலிமுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். எஸ்.எல்.ஆரில் மிரர் தடுக்கும். அதைத் தாண்டுவதற்காக, முன்னால் பெரிய கண்ணாடிகளை அடுக்கி வெளிச்சத்தைப் பின்னுக்குத் தள்ளும் வேறு மாதிரி லென்ஸுகள் வர வேண்டியிருந்தது. அவை நீளமும் எடையும் கூடியவை. ரேஞ்ச்ஃபைண்டரின் வைட் ஆங்கிள் லென்ஸ் பாக்கெட்டில் போடும் அளவுக்குக் குட்டியாக இருப்பதன் ரகசியம் இதுதான். பாதி லென்ஸ் கேமராவுக்கு உள்ளே ஒளிந்துகொள்கிறது!

கான்டாக்ஸுக்கு முதலில் வந்த வைட் ஆங்கிள், 28 மி.மீ டெஸ்ஸார். படம் விரியும், சரி. ஆனால் அதிகபட்ச அப்பர்ச்சரே எஃப் 8. நடுப்பகல் வெயிலுக்கு மட்டும் லாயக்கு. வீட்டுக்குள், டீக்கடைக்குள், தொழிற்சாலைக்குள் அதை வைத்துக்கொண்டு ஸ்டாண்ட் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. லைக்கா பக்கம் 35 மி.மீ எல்மார் எஃப் 3.5 இருந்தது, கொஞ்சம் பரவாயில்லை.

பெர்ட்டெலெ கொண்டுவந்தது எஃப் 2.8. பெயர் பயோகான். 1930-களின் நடுவில் கணக்கு முடிந்து, 1936-37 வாக்கில் விற்பனைக்கு வந்தது. எஃப் 8-க்கும் எஃப் 2.8-க்கும் வித்தியாசம் எட்டு மடங்கு வெளிச்சம். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டிய படத்தை, நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். படத்தில் இருப்பவர் அசைந்தால்கூடப் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்.

இதற்காக அவர் செய்த வேலையில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. முதலாவது, ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுப்புகளாக ஒட்டியது. அப்போது லென்ஸுகளுக்குக் கோட்டிங் கிடையாது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 முதல் 5 சதவிகித வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ஆறு கண்ணாடியும் தனித்தனியாக இருந்தால் 12 பரப்புகள். 40 சதவிகிதத்துக்கும் மேல் காலி. அதைவிட மோசம், அப்படித் திரும்பும் வெளிச்சம் உள்ளேயே எதிரொலித்துப் படத்தை வெளுக்கடித்துவிடும். நான்கு தொகுப்பு என்றால் எட்டுப் பரப்புகள்தான். இழப்பு 30 சதவிகிதத்தோடு நிற்கும்.

இரண்டாவது, அந்தப் பின்கண்ணாடி. மிரர் இல்லாத இடத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டு, ஃபிலிமுக்குச் சில மில்லிமீட்டர் தூரம் வரை அதை உள்ளே தள்ளினார் பெர்ட்டெலெ. கட்டடங்களின் நேர்கோடுகள் இந்த லென்ஸில் வளையாமல் நேராகவே விழுவதற்கு, அப்பர்ச்சருக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய சமநிலையில் கண்ணாடிகளைப் பிரித்து வைத்த இந்த அமைப்புதான் காரணம். கேமராவுக்குள் இவ்வளவு தூரம் நுழைகிற லென்ஸை, அந்தக் கேமராவை மனதில் வைத்து மட்டும்தான் வரைய முடியும். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. பின்னாளில் பூட்டு மாறியபோது என்ன ஆனது என்பதற்குப் பிறகு வருவோம்.

மூளையை எடுத்தவர்கள், இயந்திரத்தை எடுத்தவர்கள்

1945 பிப்ரவரி 13-ம் தேதி இரவு டிரெஸ்டன் மீது குண்டுவீச்சு தொடங்கியது. நகரத்தின் மையப்பகுதி எரிந்து போனது. கான்டாக்ஸ் செய்துகொண்டிருந்த ஸைஸ் ஐகான் தொழிற்சாலைகளும் கடுமையாகச் சேதமடைந்தன.

லென்ஸ் செய்த யேனாவின் கதை வேறு. ஏப்ரலில் அந்த ஊருக்குள் முதலில் நுழைந்தது அமெரிக்க ராணுவம். ஆனால், நேச நாடுகள் முன்பே போட்ட ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போக வேண்டும். ஜூலை தொடக்கத்தில் ஒப்படைப்பு. அதற்குள் அமெரிக்கர்கள் ஸைஸ் நிறுவனத்தின் முக்கிய விஞ்ஞானிகளையும், அதற்குக் கண்ணாடி தயாரித்துக் கொடுத்த ஷாட் நிறுவனத்தின் 41 வல்லுநர்களையும் குடும்பத்தோடு லாரிகளில் ஏற்றி மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். அவர்களை வைத்து ஓபர்கோகன் என்ற சிற்றூரில் மேற்கு ஜெர்மனியின் ஸைஸ் உருவானது.

அடுத்து வந்த சோவியத் ராணுவம் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டது. 1946 அக்டோபரில் தொடங்கி, யேனா தொழிற்சாலையின் இயந்திரங்களில் பெரும்பகுதி கழற்றப்பட்டு ரயிலேறியது. நிபுணர்கள் பலரும் ஒரே நாள் விடியலில் எழுப்பப்பட்டு, குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டார்கள். போகிறீர்களா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கான்டாக்ஸ் கேமராவும் இந்தப் பட்டியலில் இருந்தது. டிரெஸ்டனில் அழிந்துபோன வரைபடங்களையும் அச்சுக் கருவிகளையும் யேனாவிலேயே மறுபடி செய்யவைத்து, அந்த முழுத் தயாரிப்பு வரிசையையும் உக்ரைனின் கீவ் நகரில் இருந்த ஆர்செனல் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். 1940-களின் கடைசியில் அங்கிருந்து 'கீவ்' என்ற பெயரில் கேமரா வெளிவந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் ஜெர்மன் பாகங்களே இருந்தன. போருக்கு முந்தைய கான்டாக்ஸ் பாகத்தைக் கழற்றி இதில் மாட்டலாம். அந்த அளவுக்கு ஒரே அச்சு.

லென்ஸ் பொறுப்பு மாஸ்கோவை ஒட்டியுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலைக்கு. பயோகானுக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'பி.கே'. பயோகான் கிராஸ்னகோர்ஸ்க் என்பதன் சுருக்கம். அதாவது, பிறந்த வீட்டுப் பெயரை மறைக்கக்கூட இல்லை. முதல் சில வருடங்கள் ஜெர்மனியில் இருந்து வந்த கண்ணாடியை வைத்தே ஓட்டினார்கள். அது தீர்ந்துபோகும் என்று தெரிந்ததும், சோவியத் கண்ணாடி வகைகளுக்குப் பொருந்துமாறு மொத்தக் கணக்கையும் மறுபடி போட்டார்கள். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மாறினால் ஒவ்வொரு வளைவும் மாற வேண்டுமே! அந்த மறுகணக்குக்குப் பிறகு வந்த பெயர்தான் ஜூபிடர்-12. ஸொன்னாரின் வாரிசுகளுக்கும் ஜூபிடர்-3, ஜூபிடர்-8, ஜூபிடர்-9 என்று அதே குடும்பப் பெயர்.

இதைத்தான் இன்றைக்கும் சிலர் 'ரஷ்யன் டூப்ளிகேட்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. டூப்ளிகேட் என்றால், கடையில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து அதேபோலச் செய்வது. இங்கே வந்தது அதே வரைபடம், அதே இயந்திரம், கொஞ்ச காலத்துக்கு அதே கண்ணாடி. கூடவே, சொந்தமாகப் போட்ட புதுக் கணக்கு.

அப்படியானால் இது கொள்ளையா, நஷ்டஈடா? இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. யேனாவில் தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடி தேய்த்த குடும்பங்கள், ஒருநாள் காலையில் காலியான கூடங்களுக்குள் நின்றன. போரைத் தொடங்கியது அந்தத் தொழிலாளர்கள் இல்லை. ஆனால், அதே ஸைஸ் போர்க்காலத்தில் ஜெர்மன் ராணுவத்துக்குக் குறிபார்க்கும் கருவிகள் செய்தது. பிடித்துவரப்பட்ட வெளிநாட்டவரைக் கட்டாய வேலை வாங்கியது. கீவ் நகரம் 1941 செப்டம்பர் முதல் 1943 நவம்பர் வரை ஜெர்மன் பிடியில் கிடந்து சிதைந்தது. இழந்ததற்கு ஈடாக இயந்திரத்தை எடுத்தோம் என்று கீவில் ஒருவர் சொன்னால், அவரை எதிர்த்துப் பேசுவது சுலபம் இல்லை. மேற்கே போன அமெரிக்க லாரிகளைப் பற்றி இதே கேள்வியைப் பலரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொந்த வீட்டில் இடமில்லை!

பிரிந்துபோன இரண்டு ஸைஸ் நிறுவனங்களும் அதன்பிறகு பல வருடங்கள் பெயருக்காகக் கோர்ட்டில் மோதிக்கொண்டன. மேற்கு நாடுகளில் விற்கும்போது யேனா லென்ஸுகளில் பழைய பெயர்களைப் போட முடியாமல், 'டெஸ்ஸார்' என்பதற்குப் பதில் வெறும் 'டி' என்று போட்டு அனுப்பிய கூத்தெல்லாம் நடந்தது. நடுவே ஜூபிடர் என்று பெயர் மாற்றிக்கொண்ட குட்டி லென்ஸ் மட்டும் எந்த வம்பும் இல்லாமல் வளர்ந்தது.

மேற்கு ஜெர்மனியில் 1950-ல் புதிய கான்டாக்ஸ் 2-ஏ வந்தது. உடம்பைச் சின்னதாக்கி, ஷட்டரையும் மாற்றியிருந்தார்கள். பழைய 35 மி.மீ பயோகானை மாட்டிப் பார்த்தால்... பின்கண்ணாடி இடிக்கிறது! உள்ளே போகவே இல்லை. வேறு வழியில்லாமல் அந்தக் கேமராவுக்கென்று வேறு ஒரு பயோகானைக் கணக்கிட்டார்கள். பெர்ட்டெலெ வரைந்த மூல வடிவத்துக்குக் கான்டாக்ஸ் என்ற பெயருள்ள புதிய கேமராவில் இடமில்லாமல் போனது. அதற்கு இடம் கொடுத்தது, பழைய அச்சை மாற்றாமல் வைத்திருந்த கீவ் கேமராதான்.

பெர்ட்டெலெ என்ன ஆனார்? போர் முடிவதற்கு முன்பே ஸைஸை விட்டு விலகி மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் நிறுவனத்துக்குப் போயிருந்தார். போருக்குப் பிறகு சுவிட்சர்லாந்து. அங்கே வில்ட் நிறுவனத்துக்காக, விமானத்தில் இருந்து நிலப்படம் எடுக்கும் ஏவியோகான் லென்ஸை உருவாக்கினார். அதே யோசனையில் பிறந்த புதிய தலைமுறை பயோகான் 21 மி.மீ லென்ஸையும், ஹாசல்பிளாடுக்கான 38 மி.மீ பயோகானையும் 1950-களில் வரைந்தார். 1969-ல் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது ஆம்ஸ்ட்ராங் கையாண்ட ஹாசல்பிளாடில் இருந்ததும் 60 மி.மீ பயோகான்தான். பெர்ட்டெலெ 1985-ல் காலமானார். அவர் உயிரோடு இருந்த காலம் முழுக்க, 30-களில் அவர் பென்சிலால் போட்ட கணக்கின் வாரிசு மாஸ்கோ பக்கத்தில் தினமும் தயாராகிக்கொண்டே இருந்தது. அதன் வளையத்தில் அவர் பெயர் இல்லை. சொல்லப்போனால், பயோகானின் வளையத்திலும் இருந்ததில்லை. லென்ஸ் வரைந்தவர் பெயரை யாரும் லென்ஸில் போடுவதில்லை.

இன்றைக்கு வாங்கினால்?

கிராஸ்னகோர்ஸ்க்குக்குப் பிறகு ஜூபிடர்-12 தயாரிப்பு, மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள லிட்கரினோ கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனது. பழையவை வெள்ளி நிறம், பின்னால் வந்தவை கறுப்பு. கீவ் கேமராவுக்கான கான்டாக்ஸ் மவுன்ட்டிலும் கிடைக்கும்; ஸோர்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராக்களிலும் பழைய லைக்காவிலும் மாட்டும் மரை வைத்த வகையும் கிடைக்கும். ஆர்டர் போடும் முன் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான லென்ஸுகளில் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே தயாரித்த ஆண்டு. 62 என்று தொடங்கினால் 1962. முன்வளையத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு ரஷ்ய எழுத்து, நம்மூர்க் கோல்போஸ்ட் வடிவில் இருந்தால், கோட்டிங் போட்ட லென்ஸ் என்று அர்த்தம்.

அப்பர்ச்சரை மாற்றுவது ஒரு தனி அனுபவம். வளையம் பக்கவாட்டில் இல்லை. முன்பக்கக் குழிக்குள், கண்ணாடியைச் சுற்றி இருக்கிறது. எண்ணைப் பார்க்க வேண்டுமானால் கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். 'க்ளிக்' என்ற சத்தமும் வராது. கொஞ்சம் அசட்டையாக இருந்தால் எஃப் 8, எஃப் 11 ஆகிவிடும். பழகியவர்கள் படமெடுக்கக் கிளம்பும்போதே எஃப் 8-ல் வைத்துவிட்டு, அதை மறந்துவிடுகிறார்கள்.

அதில் ஒரு வசதியும் இருக்கிறது. எஃப் 8-ல் வைத்து, தூரத்தை 5 மீட்டருக்குத் திருப்பிவிட்டால், சுமார் இரண்டரை மீட்டரில் இருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். அதன்பிறகு ஃபோகஸ் பார்க்க வேண்டியதே இல்லை. கேமராவைத் தூக்கினோமா, அழுத்தினோமா, இறக்கினோமா என்று முடிந்துவிடும். தெருவில் எதிரே வருபவர் போஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன்பே படம் முடிந்திருக்கும். கையில் இருக்கும் மொபைல் போனின் மெயின் கேமராவும் ஒரு வைட் ஆங்கிள்தான் என்பதால், இந்த லென்ஸ் காட்டும் உலகம் இன்றைய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது. முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டுமென்றால் மட்டும் பக்கத்தில் போக வேண்டும். ஒரு மீட்டர் வரை போகலாம். அவ்வளவு பக்கத்தில் போனபின் ஒரு 'வணக்கம்' சொல்லாமல் படமெடுக்க முடியாது!

கீவ் கேமராவில் மாட்டினால் வேறொரு வேடிக்கை. அதன் வியூஃபைண்டர் 50 மி.மீ காட்சியைத்தான் காட்டும். 35 மி.மீ-க்குத் தலையில் தனியாக ஒரு குட்டி ஃபைண்டர் செருக வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலோ, வலதுகை விரல் இயல்பாகப் போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவது பிம்பம் காணவில்லை என்றால் கேமரா ரிப்பேர் என்று பதறத் தேவையில்லை; முதலில் விரலை எடுத்துப் பார்க்கலாம்.

படம் எப்படி? நடுவே நல்ல கூர்மை. நேர்கோடு நேராக நிற்கும். முழு அப்பர்ச்சரில் மூலைகள் இருண்டு, கொஞ்சம் மங்கலாகும். வெயிலை நேரே பார்த்து எடுத்தால் வெளுத்துவிடும்; 40.5 மி.மீ மரையில் ஒரு ஹூட் மாட்டிக்கொள்வது நல்லது. ஒரே வருடத்தில் செய்த இரண்டு லென்ஸுகள்கூட ஒரே மாதிரி இருக்காது என்பது சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிந்தது. போதாக்குறைக்கு, 50 வருடத்தில் எத்தனை கைகள் அதைக் கழற்றி மாட்டினவோ! மூடிய விலைக்கு வாங்காமல், திருப்பித் தர வசதி இருக்கும் இடத்தில் வாங்குவதே பாதுகாப்பு. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் ஃபங்கஸ் கோலம் போட்டுவிடும்.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டலாமா என்றால், பழைய சிக்கல் மறுபடி வருகிறது. பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகே போய் நிற்கும். சில மாடல்களில் உள்ளே இடிக்கும். இடிக்காவிட்டாலும், அவ்வளவு பக்கத்தில் இருந்து சாய்வாக விழும் கதிர்களை ஃபிலிம் ஏற்றுக்கொண்டதுபோல சென்சார் ஏற்றுக்கொள்வதில்லை. ஓரங்களில் நிறம் மாறும், விவரம் கரையும். 1971-ல் வந்த லைக்கா எம்5 போன்ற ஃபிலிம் கேமராக்களிலும் கவனம் தேவை. வெளிச்சம் அளக்கும் கருவி அதில் ஒரு சிறு கைபோல லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கும். பெர்ட்டெலெயின் கண்ணாடிக்கும் அந்தக் கைக்கும் ஒத்துப்போகாது.

இணையத்தில் தேடினால், ஜூபிடர்-12 விற்பவர்களில் நிறைய பேர் உக்ரைன்காரர்கள் என்பது தெரியும். போருக்கு நடுவிலும் பார்சல் அனுப்புகிறார்கள். வந்துசேர நாளாகலாம் என்று ஒரு வரி மட்டும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். கேமராவின் நெற்றியில் 'கீவ்' என்று எழுதியிருக்கும். அதில் மாட்டியிருக்கும் லென்ஸ் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் செய்யப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்ற நாடு இப்போது இல்லை.

வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்க மறக்கக் கூடாது. பின்மூடி. மற்ற லென்ஸுகளின் தட்டையான மூடி இதற்குப் பொருந்தாது, ஆழமானது வேண்டும். அந்தக் காலத்தில் லென்ஸையே உள்ளே திருகி வைக்கும்படி ஒரு பேக்கலைட் டப்பா கொடுத்தார்கள். அது கூடவே வருகிறதென்றால், கொஞ்சம் விலை கூடுதலாகச் சொன்னாலும் கொடுத்து வாங்கிவிடலாம்.